பார்ட்டிஷன்களுக்கு இடையே செய்தி அனுப்புவது எப்படி: பாம்பன் காற்றை வைத்து ஒரு செயல்விளக்கம்

ஒரே கணினிப் பலகையில் பல மென்பொருள்கள் ஓடும்போது, ஒன்றில் நேரும் பழுது மற்றொன்றைத் தொடாதபடி நினைவகத்தாலும் நேரத்தாலும் அவற்றைப் பிரித்து வைக்கும்போது கிடைக்கும் ஒவ்வொரு பகுதியையும் பார்ட்டிஷன் என்கிறோம். விமானக் கணினிகளுக்காக 1997-இல் முதலில் வெளியான ஏரிங்க் 653 தரநிலை இந்த முறையைப் பரவலாக்கியது. விஎக்ஸ்வொர்க்ஸ் 653, இன்டெக்ரிட்டி-178, பைக்ஓஎஸ் போன்ற இயக்க அமைப்புகள் பிரிக்கும் வேலையை நன்றாகவே செய்துவிடுகின்றன. ஆனால் பிரித்து வைத்தவை ஒன்றோடொன்று பேசாமல் எந்தப் பயனும் இல்லை. அவை பேசத் தொடங்கும் இடத்தில்தான், இவ்வளவு பாடுபட்டு எழுப்பிய சுவரில் மறுபடியும் ஓட்டை விழுகிறது. அந்த ஓட்டையை அளவோடும் கணக்கோடும் திறப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. ராமநாதபுரம் கரையோரக் கல்லூரிகளிலிருந்து இத்துறைக்கு வரும் இளம் பொறியாளர்களை மனத்தில் வைத்து எழுதுவதால், எடுத்துக்காட்டையும் அங்கிருந்தே எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டு

பாம்பனில் 1914-இல் திறக்கப்பட்ட ரயில் பாலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறி ரயிலை நிறுத்தும் ஏற்பாடு இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடிக்குச் சென்ற பயணிகள் ரயில் கடலோடு போன ஊர் அது. அங்கே காற்றின் அளவு ஏட்டுப் படிப்புக்கான எண் அன்று. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி செங்குத்தாக 17 மீட்டர் உயர்ந்து கப்பல்களுக்கு வழிவிடுகிறது.

இத்தகைய ஒரு தூக்குப் பாலத்துக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கீழே வருவது பயிற்சிக்காக நான் வகுத்த மாதிரி. பாம்பனில் உண்மையில் ஓடும் அமைப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. நம் மாதிரியில் நான்கு பார்ட்டிஷன்கள் உள்ளன. முதலாவது, காற்றுமானிகளைப் படிக்கும் ‘காற்று’. இரண்டாவது, பாலத்தில் ரயில் இல்லை, சிக்னல் சிவப்பு, காற்று வரம்புக்குள் என்ற மூன்றும் உறுதியான பிறகே தூக்க அனுமதி தரும் ‘இன்டர்லாக்’. மூன்றாவது, மோட்டாரையும் பிரேக்கையும் ஆளும் ‘தூக்கி’. நான்காவது, நடந்ததை எழுதி வைத்துத் திரையில் காட்டும் ‘பதிவு’. முதல் மூன்றும் உயிருக்குப் பொறுப்பானவை, நான்காவது அப்படியன்று. காற்று வரம்பாக மேற்சொன்ன 58-ஐயே தூக்குவதற்கும் வைத்துக்கொள்வோம்.

முதலில் செய்தியின் தன்மையைப் பிரியுங்கள்

எந்தப் போர்ட்டையும் (பார்ட்டிஷன் செய்தி அனுப்பும், பெறும் வாயில்) உருவாக்கும் முன், ஒவ்வொரு செய்தியைப் பற்றியும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது ஒரு நிலையா, ஒரு நிகழ்வா? காற்றின் வேகம் நிலை. புதிய அளவு வந்துவிட்டால் பழையது யாருக்கும் வேண்டாம். ‘பிரேக் பூட்டப்பட்டது’ என்ற பதிவு நிகழ்வு. அதில் ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது, வரிசையும் மாறக் கூடாது. நிலைக்கு சாம்ப்ளிங் போர்ட், நிகழ்வுக்கு கியூயிங் போர்ட் என்பது ஏரிங்க் 653 தரும் பிரிவு.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துக்கொண்டால் சாம்ப்ளிங் போர்ட் எளிதில் பிடிபடும். எத்தனை பேர் பார்த்தாலும் கூண்டு தீர்ந்துபோவதில்லை. புதிய எண் ஏறினால் பழையது இறங்கிவிடும். பார்ப்பவருக்கு இப்போதைய நிலை தெரியும், ஆனால் எப்போது ஏற்றினார்கள் என்பது கூண்டை மட்டும் பார்த்துத் தெரியாது. இந்தக் கடைசிக் குறையை ஏரிங்க் 653 ஒரு சிறு ஏற்பாட்டால் தீர்க்கிறது. போர்ட்டை உருவாக்கும்போதே புதுப்பிப்புக் காலம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். படிக்கும்போது, செய்தியின் வயது அந்தக் காலத்துக்கு உட்பட்டதா என்பதை இயக்க அமைப்பு ‘வேலிடிட்டி’ என்ற குறியில் சொல்லிவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். செய்தி பழையதாக இருந்தாலும் ‘ரீட் சாம்ப்ளிங் மெசேஜ்’ அழைப்பு ‘பிழை இல்லை’ என்றே திரும்பி வரும். பழைய செய்தியையும் உங்கள் கையில் கொடுத்துவிடும். பழையது என்ற தகவல் வேலிடிட்டி குறியில் மட்டுமே இருக்கும். திரும்பும் குறியைச் சோதித்துவிட்டு வேலிடிட்டியைச் சோதிக்காத நிரல், சோதனைச் சாலையில் எல்லாத் தேர்விலும் தேறிவிட்டுக் காற்றுமானி இறந்த நாளில் நேற்றைய அமைதியான கடலை இன்றைய கடலாக எண்ணிக்கொள்ளும். நிரல் மறுபார்வையில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான்.

நேர அட்டவணையும் செய்தியின் வழியும்

பார்ட்டிஷன்களுக்கு நேரம் ஒதுக்கும் அட்டவணை ‘மேஜர் ஃப்ரேம்’ என்ற கால அளவில் திரும்பத் திரும்ப ஓடும். நம் மாதிரியில் அதை 100 மில்லிநொடி என்று வைப்போம். காற்றுக்கு மட்டும் இவ்வளவு விரைவு தேவையில்லை. ஆனால் பூட்டு உணரிகளும் அவசர நிறுத்தப் பொத்தானும் இதே வழியில் போக வேண்டியிருப்பதால் இந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறோம். காற்று 0 முதல் 10 வரை, இன்டர்லாக் 10 முதல் 40 வரை, தூக்கி 40 முதல் 65 வரை, பதிவு 65 முதல் 95 வரை, மிச்சம் 5 மில்லிநொடி ஒதுக்கம். இப்படி ஒரு பார்ட்டிஷனுக்குக் கிடைக்கும் நேரத்துண்டைச் சாளரம் என்போம்.

இப்போது மோசமான தாமதத்தைக் கணக்கிடுவோம். காற்றுமானியைப் படித்த மறுகணமே காற்று வரம்பைத் தாண்டியது என்று கொள்ளுங்கள். அது அடுத்த படிப்பு வரை 100 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். பிறகு அதே சுற்றில் காற்று எழுதி, இன்டர்லாக் முடிவெடுத்து, தூக்கி 65-க்குள் பிரேக்கை இறுக்கும். மொத்தம் 165 மில்லிநொடி. இதே நான்கு பார்ட்டிஷன்களை, அதே கால அளவுகளோடு, தூக்கி 0 முதல் 25, இன்டர்லாக் 25 முதல் 55, பதிவு 55 முதல் 85, காற்று 85 முதல் 95 என்று மாற்றி அடுக்கிப் பாருங்கள். 85-இல் படித்த பின் எழுந்த காற்று 185-இல் படிக்கப்பட்டு, 225-இல் தொடங்கும் இன்டர்லாக் சாளரத்துக்குக் காத்திருந்து, அங்கே எடுத்த முடிவு 300-இல் தொடங்கும் தூக்கியைச் சேர்ந்து 325-இல் செயலாகும். தாமதம் 240 மில்லிநொடி. ஒரு வரி நிரல்கூட மாறவில்லை. அடுக்கிய வரிசை மட்டும் மாறியதால் 75 மில்லிநொடி கூடிவிட்டது. ஆகவே சாளரங்களின் வரிசையைத் தரவு ஓடும் திசையிலேயே அடுக்குங்கள். எந்தப் பார்ட்டிஷனை எங்கே பொருத்தலாம் என்று செயலியின் நேரத்தை மட்டும் பார்த்து அட்டவணை போடுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

தேவை ஆவணம் ‘வரம்பு மீறியதிலிருந்து 250 மில்லிநொடிக்குள் நிற்க வேண்டும்’ என்று சொல்வதாகக் கொள்வோம். இரண்டாம் அட்டவணையும் இதில் தேறிவிடும் என்பது உண்மையே. ஆனால் ஒரு செய்தி தவறிப்போனால் 100 மில்லிநொடி கூடும். அப்போது முதல் அட்டவணையே 265-க்குப் போய்விடும். எனவே ஒரு செய்தி தவறுவதைப் பொறுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு இந்த அமைப்பில் பதில் ‘முடியாது’ என்பதுதான். பொறுத்தே ஆக வேண்டும் என்றால் ஃப்ரேமைச் சுருக்க வேண்டும். இதை வடிவமைப்பின் முதல் வாரத்திலேயே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்வது, கடலோரத்தில் பொருத்திய பிறகு தெரிந்துகொள்வதைவிட நல்லது.

புதுப்பிப்புக் காலத்தை இந்தக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும். ஃப்ரேம் 100 என்பதால் அதையும் 100 என்று போட்டுவிடுவது வழக்கம், அது தவறு. காற்று தன் சாளரத்தின் தொடக்கத்தில் எழுதி, இன்டர்லாக் தன் சாளரத்தின் முடிவில் படித்தால் நல்ல நிலையில் செய்தியின் வயது அதிகபட்சம் 40. ஒரு செய்தி தவறினால், 10-இல் எழுதியதை 110-இல் படிக்கும்போது வயது குறைந்தபட்சம் 100. காலத்தை 100 என்று வைத்தால் இந்த எல்லையின் மேலேயே நிற்கிறோம். தவறிய செய்தி ஒரு நாள் பிடிபடும், ஒரு நாள் பிடிபடாது. 40-க்கும் 100-க்கும் நடுவே 70 என்று வையுங்கள். தவறியதை ஒருமுறை பொறுப்பது என்று முடிவெடுத்த அமைப்பானால், அடுத்த இடைவெளி 140-க்கும் 200-க்கும் நடுவே இருப்பதால் 170 பொருத்தமானது. இன்டர்லாக்கிலிருந்து தூக்கிக்குப் போகும் அனுமதிச் செய்திக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட வேண்டும். அங்கே 55-க்கும் 100-க்கும் நடுவே ஓர் எண் வரும்.

செய்தியின் உள்ளே என்ன இருக்க வேண்டும்

போர்ட்டின் வேலிடிட்டி குறி, செய்தி அண்மையில் எழுதப்பட்டது என்று மட்டுமே சொல்கிறது. எழுதியவர் அண்மையில் அளந்தாரா என்பது அதற்குத் தெரியாது. உப்புக்காற்றில் அச்சு இறுகிப்போன காற்றுமானியிலிருந்து வரும் அதே எண்ணைக் காற்று பார்ட்டிஷன் சுற்றுக்கு ஒருமுறை தவறாமல் எழுதிக்கொண்டே இருந்தால், போர்ட்டைப் பொறுத்தவரை எல்லாம் நலமே.

ரயில்வே தகவல் தொடர்புக்கான ஈஎன் 50159 தரநிலை, செய்திக்கு நேரக்கூடிய ஏழு ஆபத்துகளைச் சொல்கிறது: மீண்டும் வருதல், தொலைதல், இடையில் நுழைதல், வரிசை மாறுதல், சிதைதல், தாமதமாதல், வேறொருவர் பெயரில் வருதல். ஒரே பலகைக்குள் இயக்க அமைப்பு படியெடுத்துக் கொடுக்கும் செய்திக்கு இவற்றில் பல நேராது என்று வாதிடலாம். ஆனால் போர்ட்டின் மறுமுனை எங்கே இருக்கிறது என்பது எழுதும் பார்ட்டிஷனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இன்று பக்கத்தில் இருப்பது நாளை வலையமைப்புக்கு அப்பால் பாலத்தின் மறுகோபுரத்துக்குப் போகலாம். அதனால் முதல் நாளிலேயே பாதுகாப்புகளைச் செய்திக்குள் வைத்துவிடுங்கள். காற்றுச் செய்திக்கு என் பரிந்துரை: வடிவ எண், அனுப்புநர் எண், தொடர் எண், அளந்த நேரம், காற்றின் வேகம், உணரியின் நிலை, கடைசியில், செய்தி சிதைந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணான 32 பிட் சிஆர்சி. அளவு மாறாத செய்தியாக, பைட் வரிசையும் இடைநிரப்பும் வெளிப்படையாக எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

தொடர் எண்ணை எங்கே கூட்டுகிறோம் என்பது முக்கியம். அனுப்பும் வரியில் கூட்டினால், அளக்கும் பணி நின்றுபோன பிறகும் எண் ஏறிக்கொண்டே இருக்கும். அளக்கும் பணி ஒரு புதிய அளவை முடித்த இடத்தில் மட்டும் கூட்டுங்கள். அப்போது எண் நின்றால் அளவு நின்றது என்று பொருள்.

அலகைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடலில் காற்றை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்ற அலகில் சொல்பவர்களும் உண்டு, கிலோமீட்டர் கணக்கில் சொல்பவர்களும் உண்டு. காற்றுமானிகள் பல நொடிக்கு மீட்டரில் தருகின்றன. மணிக்கு 58 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய 31 நாட், நொடிக்கு 16 மீட்டர். வெறும் ‘வேகம்’ என்று பெயரிட்ட புலத்தில் 31 என்ற எண் நாட் கணக்கில் வந்து, படிப்பவர் அதைக் கிலோமீட்டராக எடுத்துக்கொண்டால், பாலம் தூக்கக்கூடாத காற்றில் தூக்கப்படும். எந்தப் பிழைக்குறியும் எழாது. புலத்தின் பெயரிலேயே அலகு இருக்க வேண்டும். மணிக்குக் கிலோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று முடிவு செய்து, வரம்பை 580 என்ற முழு எண்ணாக இடைமுக ஆவணத்தில் எழுதிவிடுங்கள்.

நம்பத்தகுந்த பொய்யைக் கண்டுபிடிக்க இரண்டாவது உணரி தேவை. இரண்டு காற்றுமானிகளில் உயர்ந்த அளவையே எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நீடித்தால் அனுமதியை மறுங்கள். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும் பாம்பனில் தொடர்ந்து சுழியம் காட்டும் காற்றுமானி அமைதியைக் காட்டவில்லை, பழுதைக் காட்டுகிறது என்பது அங்கு வளர்ந்த எவருக்கும் தெரியும். அந்த அறிவை ஒரு சோதனை வரியாக நிரலில் எழுதிவையுங்கள்.

அனுமதிச் செய்தியில் 0 என்றால் இல்லை, 1 என்றால் உண்டு என்று வைக்காதீர்கள். ஒரு பிட் புரண்டால் பொருள் புரண்டுவிடும். 10100101 என்றால் உண்டு, 01011010 என்றால் இல்லை என்று எட்டு பிட்டும் மாறுபடும்படி வைத்து, இவ்விரண்டும் அல்லாத எதுவாக இருந்தாலும் ‘இல்லை’ என்றே கொள்ளுங்கள். இன்னும் எழுதப்படாத நினைவகத்தில் இருக்கும் சுழியமும் அப்போது தானாக மறுப்பாகிவிடும்.

படிக்கும் பக்கம்

இன்டர்லாக் தன் சாளரத்தின் தொடக்கத்தில் எல்லாப் போர்ட்டுகளையும் ஒருமுறை படித்து ஒரு நகலில் வைத்துக்கொண்டு, அந்தச் சாளரம் முழுதும் அந்த நகலையே பயன்படுத்த வேண்டும். நடுவே மீண்டும் படித்தால், முடிவின் முதல் பாதி ஒரு காற்றையும் மறு பாதி இன்னொரு காற்றையும் நம்பி நிற்கும். பல கருக்கள் (கோர்) கொண்ட செயலியில், எழுதுபவரும் படிப்பவரும் ஒரே நேரத்தில் ஓடக்கூடும் என்பதால் இது இன்னும் அவசியமாகிறது. மேலே போட்ட வயதுக் கணக்கையும் அங்கே புதிதாகப் போட வேண்டும்.

பிறகு சோதனைகள்: வேலிடிட்டி, சிஆர்சி, வடிவமும் அனுப்புநரும், தொடர் எண் முன்னேற்றம், அளந்த நேரம், உணரி நிலை, மதிப்பின் எல்லை. எதில் தோற்றாலும் விளைவு ஒன்றே: அனுமதி இல்லை. ஆனால் எதில் தோற்றது என்பதைத் தனித்தனியே எண்ணிப் பதிவுக்கு அனுப்புங்கள். பழுது பார்க்க வருபவருக்கு அதுவே வழிகாட்டி. தூக்கியும் இப்படியே இன்டர்லாக்கைக் கேள்வி கேட்க வேண்டும். இன்டர்லாக்கின் குரல் நின்றால் தூக்கி கடைசி அனுமதியைப் பிடித்துக்கொண்டு தொடரக் கூடாது. பிரேக்கை இறுக்கி, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பாதியில் நிற்பது பாதுகாப்பான நிலைதானா என்பதை இயந்திரப் பொறியாளரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். அது மென்பொருளாளர் தனியே முடிவு செய்யும் விஷயம் அன்று.

வரிசைகள்

கியூயிங் போர்ட்டில் முதல் விதி, உயிருக்குப் பொறுப்பான பார்ட்டிஷன் ஒருபோதும் பொறுப்பற்ற பார்ட்டிஷனுக்காகக் காத்திருக்கக் கூடாது. இன்டர்லாக் பதிவுக்கு எழுதும்போது காத்திருப்பு நேரத்தைச் சுழியமாகக் கொடுங்கள். வரிசை நிரம்பியிருந்தால் செய்தியை விட்டுவிட்டு, விட்டவற்றின் எண்ணிக்கையை அடுத்த செய்தியில் சேர்த்து அனுப்புங்கள். முடிவில்லாமல் காத்திருக்கச் சொன்னால், திரை வரையும் நிரலில் உள்ள ஒரு பிழை பாலத்தின் இன்டர்லாக்கையே நிறுத்திவிடும்.

ஆழத்தையும் கணக்கிட்டே வைக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு நான்கு நிகழ்வுகள் வரை எழுதலாம், பதிவு மறுதொடக்கத்துக்கு மூன்று சுற்றுகள் எடுத்துக்கொள்ளும் என்றால், வழக்கமான ஒரு சுற்றையும் சேர்த்து 16 இடங்கள் வேண்டும். வலையமைப்பைக் கடந்து வரும் வழியில் பெறும் பக்கத்தில் வரிசை வழிந்திருந்தால் ஏரிங்க் 653-இன் பெறும் அழைப்பு ‘இன்வேலிட் கான்ஃபிக்’ என்ற குறியைத் தருகிறது. பெயர் அமைவுப் பிழை போல ஒலித்தாலும், இடையில் எதுவோ தொலைந்தது என்பதே பொருள்; அதை அந்தப் பொருளிலேயே கையாளுங்கள்.

கட்டளைகளை வரிசையில் வைக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். இயக்குபவர் ‘தூக்கு’ என்று அழுத்திய கட்டளை வரிசையில் கிடக்கையில் தூக்கி மறுதொடக்கம் ஆனால், எழுந்து வந்ததும் அது பழைய கட்டளையை எடுத்துச் செய்யப் பார்க்கும். அதற்குள் ரயில் பாலத்தின் மேல் ஏறியிருக்கலாம். இன்டர்லாக் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் ஒரே தடுப்பை நம்பி இருக்காதீர்கள். கட்டளைக்குள் காலாவதி நேரத்தை எழுதுங்கள். மறுதொடக்கத்தின் பின் வரிசையில் உள்ளவற்றை எடுத்து எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள்.

அமைவுக் கோப்பும் சோதனையும்

போர்ட்டுகள் அனைத்தையும் தொடக்க நிலையிலேயே உருவாக்கிவிட வேண்டும்; ‘நார்மல்’ என்ற வழக்கமான இயக்க நிலைக்குப் போன பின் உருவாக்க முடியாது. எந்தப் போர்ட் எதனோடு இணைகிறது என்பது அமைவுக் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில் ஓர் எண் மாறினால் அமைப்பின் நடத்தையே மாறும் என்பதால், விமான மென்பொருளுக்கான டிஓ-178சி இத்தகைய தரவையும் நிரலைப் போலவே சரிபார்க்கச் சொல்கிறது. கோப்பில் உள்ள செய்தி அளவு, திசை, புதுப்பிப்புக் காலம் மூன்றையும் இடைமுக ஆவணத்தோடு இயந்திரமே ஒப்பிடும்படி ஒரு சிறு கருவியை எழுதிக்கொள்ளுங்கள்.

சோதனையில், எல்லாம் சரியாக ஓடுவதைக் காட்டுவது சிறு பகுதியே. காற்று பார்ட்டிஷனை நிறுத்துங்கள். பிறகு நிறுத்தாமல் அளவை மட்டும் உறைய வையுங்கள். தொடர் எண்ணைப் பின்னால் தள்ளுங்கள். ஒரு பிட்டைப் புரட்டுங்கள். பதிவை முடிவில்லாத சுழற்சியில் தள்ளி, இன்டர்லாக்கின் நேரம் ஒரு மில்லிநொடிகூட நகரவில்லை என்று அளந்து காட்டுங்கள். தூக்கி பாதி உயரத்தில் இருக்கும்போது இன்டர்லாக்கை மறுதொடக்கம் செய்யுங்கள். ஒவ்வொன்றிலும் பிரேக் இறுகிய நேரத்தைப் பலகையின் வெளியீட்டு முனையிலேயே அலைவுகாட்டியால் அளந்து, கணக்கிட்ட 165-க்கு அருகே எழுதுங்கள். அளந்தது 165-ஐத் தாண்டினால் அட்டவணையில் பிழை இருக்கிறது. எத்தனை முறை அளந்தும் 100-ஐக்கூட எட்டவில்லை என்றால், மோசமான தருணத்தை உங்கள் சோதனை இன்னும் தொடவில்லை. காற்றுமானியைப் படித்த மறுகணத்தில் காற்றுச் சமிக்ஞையை ஏற்றும்படி சோதனைக் கருவியை ஃப்ரேமின் தொடக்கத்தோடு ஒத்திசைத்து மறுபடி அளக்க வேண்டும்.